எத்தனை ஆள் தாங்கும்?

டிசம்பர் பிறந்துவிட்டால் சென்னையிலே சபாக்கள் ஒரு பக்கம் விளம்பரம் செய்கின்றன. நட்சத்திர ஓட்டல்கள் மற்றோர் பக்கம் விளம்பரம் செய்கின்றன. அங்கே ராக ஆலாபனை. இங்கே நடு இரவு ஆட்டம். முன்பெல்லாம் இந்த இரண்டாவது விளம்பரம் சீமான்களின் காதுக்கு மட்டுமே எட்டும். இப்போது அப்படியல்ல, தம்பி! பழவேற்காடு ஏரிக்கரையிலே, தோணிரேவிலே, வலையை உதறி நண்டைப் பிரித்துக்கொண்டிருக்கும் இளைஞனின் கைப்பேசியிலும் அது மின்னுகிறது. "புத்தாண்டு இரவு! இசை வெள்ளம்! ஒளி வெள்ளம்! வாரீர்!"

வாரீர் என்று அழைக்கிறார்களே, போகலாமா? காட்டுப்பள்ளித் துறைமுகத்திலே ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் தம்பியும், ஏரியிலே இறால் பிடிக்கும் தம்பியும், ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்து, பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, "இந்த வருஷம் பட்டணத்து நைட் கிளப்பைப் பார்த்துவிடுவது" என்று கிளம்புகிறார்கள். எந்தக் கிளப் நல்ல கிளப் என்பதிலேதான் வாதம்.

"உழைப்பாளிக்கு நைட் கிளப் எதற்கு?" என்று முகம் சுளிப்போர் உண்டு. கனவான் போனால் பொழுதுபோக்கு, கூலிக்காரன் போனால் ஒழுக்கக்கேடு! இந்தத் தராசை நாம் கையில் எடுப்பதில்லை. குடி குடியைக் கெடுக்கும் என்பதை நாம் சொல்லித்தான் தம்பி தெரிந்துகொள்ள வேண்டுமா? கெட்ட குடிகளை அவன் ஊரிலேயே பார்த்திருக்கிறான். இசை கேட்க, ஆட, விளக்கைப் பார்க்க, நண்பர்களோடு ஓர் இரவு சிரிக்க அவனுக்கும் ஆசை இருக்கிறது. இருக்கட்டும்! எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறான் என்பதுதான் நம் கவலை.

எதைப் பார்க்கிறார்கள்? விளக்கைப் பார்க்கிறார்கள். பாட்டுப் போடுபவர் யார் என்று பார்க்கிறார்கள். எந்த நடிகர் வந்து போனார் என்று விசாரிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, கட்டணத்துக்குள்ளே பானம் உண்டா என்று கணக்குப் பார்க்கிறார்கள். இன்னொன்றை மட்டும் கேட்பதில்லை: அந்தக் கூடம் எத்தனை ஆள் தாங்கும்?

இந்தக் கேள்வியைத் தோணிரேவுக்காரன் கேட்க மறக்கலாமா? ஊரின் பெயரிலேயே தோணி இருக்கிறது, தோணி வந்து சேரும் துறையும் இருக்கிறது! தோணியிலே கால்வைக்கும் முன்பு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை விரற்கடை இருக்கிறது என்று அவன் கண் தானாகவே அளக்கும். எல்லாரும் ஒரே இடத்திலே வலை போட்டால் ஒருவனுக்கும் மீன் இராது என்று, முறை வைத்து, சீட்டுப் போட்டு, ஏரியைப் 'பாடு' பாடாகப் பகிர்ந்துகொண்ட ஊர்கள் அந்தக் கரையிலே உண்டு. இடம் இவ்வளவுதான், ஆளும் இவ்வளவுதான் என்னும் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவர்கள் படிக்கவில்லை, தண்ணீர் கற்றுக்கொடுத்தது.

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கொண்டாட வெளியூர்க் குடும்பங்கள் பழவேற்காட்டுக்கு வந்தன. படகிலே ஏறின. ஏறக்கூடாத அளவு ஏறின. மிதவைச் சட்டை இல்லை. படகு கவிழ்ந்தது, 22 பேர் மாண்டனர். மகிழ வந்தவர்கள், தம்பி! பாவிகளா அவர்கள்? தவறான இடத்துக்கா வந்தார்கள்? இல்லை. அழகான ஏரி, இதமான காற்று, குழந்தைகளின் சிரிப்பு. குறை படகிலே இருந்தது; "இதற்குமேல் ஏற்றாதே" என்று சொல்ல அதிகாரம் படைத்தோர் கரையிலே இல்லாததில் இருந்தது. அதன் பிறகு உல்லாசப் படகுக்குத் தடை என்றார்கள். பிணங்கள் கரைசேர்ந்த பிறகுதான் தடையும் கரைசேர்ந்தது!

பட்டணத்தான் ஏரிக்கு வந்தபோது தெரியாமல் ஏறிய அதே படகிலேதான், ஏரிக்காரன் பட்டணத்துக்குப் போகும்போது ஏறுகிறான். சுற்றிலும் தண்ணீர் இல்லை, சுவர் இருக்கிறது. அவ்வளவுதான் வேற்றுமை. தண்ணீருக்குப் பதில் புகை.

அண்மையிலே நடந்ததைக் கேள். கோவாவிலே, அர்ப்போரா என்ற ஊரிலே, 2025 டிசம்பர் 6 இரவு, கேளிக்கை விடுதி ஒன்றிலே ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 25 பேர் இறந்தனர். அந்த இருபத்தைந்திலே ஆட வந்த சீமான்கள் எத்தனை பேர் என்று நினைக்கிறாய்? இறந்தவர்களில் 20 பேர் அங்கே வேலை செய்தவர்கள்! தட்டு ஏந்தியவன், அடுப்பிலே நின்றவன், பாத்திரம் துலக்கியவன். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் உத்தரகண்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வயிற்றுக்காக வந்தவர்கள். கீழ்த்தளத்துச் சமையற்கூடத்திலே, வெளியேற வழியின்றி, புகையிலே மூச்சுத் திணறிச் செத்தவர்கள் பலர். தீயணைப்பு வண்டி அருகே போக முடியாத குறுகிய பாதை. தீ அணைந்து சாம்பல் ஆறுவதற்குள், உரிமையாளர்கள் விமானம் ஏறித் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். பிறகு அங்கிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டார்கள். கீழ்த்தளத்துத் தொழிலாளிக்கு மேல்தளத்துக்கு வரப் படி இல்லை. மேல்தளத்து முதலாளிக்குக் கடல் கடந்து போக வழி இருந்தது!

கட்டடத்திலே பனை ஓலை அலங்காரம் இருந்ததாம். கிராமத்து அழகு காட்டுகிறார்களாம், காசு வாங்கிக்கொண்டு! ஓலைக்கும் தீக்கும் உள்ள உறவைத் தமிழ்நாட்டிலே விளக்க வேண்டியதில்லை. 2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளியிலே 94 குழந்தைகளை வாரிக்கொடுத்தவர்கள் நாம்.

மும்பைக்கு வருவோம். அங்கே கமலா மில் என்ற வளாகம். பெயரைக் கவனி, தம்பி: மில்! ஒரு காலத்திலே பஞ்சும் நூலும் பறந்த இடம். 1982 ஜனவரியிலே தத்தா சாமந்த் தலைமையில் மும்பைப் பஞ்சாலைத் தொழிலாளர் இரண்டரை இலட்சம் பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்களே, அந்தப் போராட்டத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக அடங்கின. சங்கு ஊதிய இடத்திலே அலுவலகங்கள் முளைத்தன. உணவு விடுதிகள் முளைத்தன. மாடியிலே மதுக்கூடங்கள் முளைத்தன. 2017 டிசம்பர் 29, நள்ளிரவு தாண்டிய நேரம், மாடிக் கூடத்திலே தீ. 14 பேர் மாண்டனர். பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு பெண்ணும் அவர்களில் ஒருத்தி. வெளியேறும் வழி தெரியாமல் கழிவறைக்குள்ளே புகுந்து, அங்கேயே மூச்சடைத்துக் கிடந்தவர்கள் பலர். நெசவாளி நின்ற ஆலைக்குச் சட்டம் இருந்தது, ஆய்வாளர் இருந்தார், கதவு இந்த அளவு, சன்னல் இந்த அளவு என்று விதி இருந்தது. அதே வளாகத்து மாடியிலே கூடாரம் போட்டபோது அந்தக் கண்ணெல்லாம் எங்கே போயிற்று?

கோவா, மும்பை என்று தூரத்துக் கதை பேசுகிறோமா? சென்னை ஆழ்வார்பேட்டையிலே, 2024 மார்ச் 28 மாலை, ஒரு மதுக்கூடத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. மூவர் இறந்தனர். மூவரும் அங்கே வேலை செய்தவர்கள். இருவர் மணிப்பூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்கும் முன்னே, 2007 டிசம்பர் 31 இரவு, சென்னையின் பெரிய ஓட்டல் ஒன்றிலே நீச்சல் குளத்தின்மீது பலகை பரப்பி ஆட்டமேடை போட்டார்கள். மேடை சரிந்தது, உயிர்கள் போயின. தண்ணீரின்மீது பலகை போட்டு அளவுக்கு மீறி ஆளை ஏற்றினால் என்ன ஆகும் என்று பழவேற்காட்டுப் பையன் ஒருவனைக் கேட்டிருந்தால் கூலி வாங்காமலே சொல்லியிருப்பான். நீச்சல் குளத்தின்மேல் மேடை போடக்கூடாது என்பது இப்போது புத்தாண்டுக்குப் போலீசார் விதிக்கும் நிபந்தனைகளிலே ஒன்று.

தீ மட்டுமா கொல்கிறது? கல்லாப் பெட்டியும் கொல்லும்! அமெரிக்காவிலே பாஸ்டன் நகரில் 'கோக்கனட் குரோவ்' என்ற இரவு விடுதி. 1942 நவம்பர் 28. ஏறக்குறைய 460 பேருக்கு அனுமதி பெற்ற கூடத்திலே ஆயிரம் பேர் அளவுக்கு அடைந்திருந்தார்கள். தீ எழுந்தது. முன்வாசலிலே சுழல்கதவு, கூட்டம் நெருக்கியதும் சுழலவில்லை. பக்கக் கதவுகளோ பூட்டிக் கிடந்தன. ஏன் பூட்டினார்கள்? குடித்தவன் காசு கொடுக்காமல் நழுவிவிடக் கூடாதாம்! 492 பேர் செத்தார்கள். கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும், சுழல்கதவுக்குப் பக்கத்திலே சாதாரணக் கதவும் இருக்க வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பிறகு இறுகின. எழுபது ஆண்டு கழித்து, 2013 ஜனவரி 27-ல், பிரேசில் நாட்டுச் சாந்தா மரியா நகரத்து விடுதியிலே 242 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மாணவர்கள். வெளியேற ஒரே வாசல். அந்த வாசலிலும், பில் கட்டாமல் ஓடுகிறார்கள் என்று நினைத்துக் காவலாட்கள் முதலிலே மறித்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். எழுபது ஆண்டிலே எவ்வளவோ மாறிற்று. கல்லாவின் புத்தி மாறவில்லை!

அமெரிக்காவின் ரோட் ஐலண்டிலே 2003 பிப்ரவரி 20-ல் எரிந்த விடுதியின் கதை வேறு மாதிரி. அங்கே வழி ஒன்றுக்கு மேல் இருந்தது. மேடையிலே கொளுத்திய மத்தாப்பு, சுவரிலே ஒட்டியிருந்த பஞ்சுப் பொருளைப் பற்றிக்கொண்டது. மக்கள் என்ன செய்தார்கள்? தாம் நுழைந்த வாசலை நோக்கியே ஓடினார்கள். அந்த ஒரே வாசலிலே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அடைத்துக்கொண்டார்கள். 100 பேர் இறந்தார்கள். ஆகவே தம்பி, உள்ளே போனதும் நாற்காலி தேடாதே. வந்த வாசலை விட்டு இன்னொரு வாசலைத் தேடு. அதன் குறுக்கே பீப்பாயும் பெட்டியும் அடுக்கியிருந்தால், பூட்டுத் தொங்கினால், அது சுவருக்குச் சமம். மேடையிலே மத்தாப்பு, பாட்டிலிலே மத்தாப்பு என்று கொண்டுவந்தால், மேலே அண்ணாந்து கூரை எதனால் ஆனது என்று பார். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்!

நாம் தேர்ந்தெடுப்பது இருக்கட்டும், வாசலிலே நம்மைத் தேர்ந்தெடுக்கிறார்களே, அதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலே மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டலுக்கும் உறுப்பினர் மன்றத்துக்கும்தான். ஆகவே சென்னையின் இரவுக் கூடங்களும் பெரும்பாலும் ஓட்டலுக்குள்ளேதான் இருக்கின்றன. வாசலிலே தடித்த ஆள் நிற்கிறான். 21 வயது ஆயிற்றா என்று கேட்பது சட்டம், கேட்கட்டும். அதற்குமேல் உன் செருப்பைப் பார்க்கிறான். நிறத்தைப் பார்க்கிறானோ என்று நமக்கு ஐயம். பெண்துணை இல்லாமல் நாலு ஆண்பிள்ளைகள் வந்தால் "இடமில்லை" என்கிறான். பின்னாலே காரில் வந்தவனுக்கு இடம் பிறக்கிறது!

இது ஏழைக்கு மட்டும் நேர்ந்த அவமானமா? 2014 ஜூலையிலே, சென்னைக் கிரிக்கெட் சங்க மன்றத்திலே நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வாசலிலேயே தடுக்கப்பட்டார். நீதி வழங்குபவருக்கே அந்த நீதி! நாடு கொதித்தது. கட்சி வேற்றுமையின்றிக் குரல் எழுந்தது. அடுத்த மாதமே, அன்றைய முதல்வர் ஜெயலலிதா கொண்டுவந்த மசோதா சட்டமன்றத்திலே நிறைவேறியது. வேட்டி கட்டியவனைப் பொது இடத்திலே தடுத்தால் உரிமம் போகும், சிறையும் உண்டு என்று சட்டம் ஆயிற்று. நல்ல காரியம். ஆனால் ஒன்றை எண்ணிப் பார். ஒரு வேட்டிக்கு ஒரு மாதத்திலே சட்டம் பிறந்தது. உள்ளே போனவன் உயிரோடு வெளியே வருவதற்கு விதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தீயணைப்புத் துறை அனுமதி வேண்டும், கட்டட அனுமதி வேண்டும். அவை இருக்கின்றனவா இல்லையா என்று வாசலிலே நிற்கும் மனிதனுக்குத் தெரிய ஒரு வழியும் இல்லை.

சினிமாக் கொட்டகையிலே அப்படியா? 1955-லேயே சினிமாக் கொட்டகைகளுக்கு நம் மாநிலத்திலே தனிச் சட்டம் வந்துவிட்டது. டூரிங் டாக்கீசிலே மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த பெரியவர்களைக் கேள்: 'தீ' என்று எழுதிய சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். நகரத்துக் கொட்டகையிலே விளக்கெல்லாம் அணைந்தாலும் 'வெளியே' என்ற சிவப்பு எழுத்து அணையாது. அரசாங்கப் பேருந்திலே ஏறு. உட்காருவோர் இத்தனை, நிற்போர் இத்தனை என்று எழுதியிருக்கிறது. அதை மீறித்தான் ஏற்றுகிறார்கள் என்றாலும், மீறுகிறார்கள் என்பதாவது நமக்குத் தெரிகிறதே! தரை டிக்கெட்காரனுக்குக் கிடைத்த அந்த எழுத்து, ஆயிரக்கணக்கிலே கட்டணம் வாங்கும் ஆட்டக்கூடத்து வாசலிலே ஏன் இல்லை?

தோணிரேவுத் தம்பிமாரிலே இன்னொரு வகை உண்டு. ஏரி மணல் மூடி, முகத்துவாரம் அடைபட்டு, மீன் குறைந்த நாளிலே, பட்டணத்து ஓட்டலிலே வேலை கேட்டுப் போகிறவன். ஆடப் போகிறவனாவது ஒரு கூடம் பிடிக்கவில்லையென்றால் மறு கூடத்துக்கு நடப்பான். தட்டு ஏந்தப் போகிறவன் எந்தக் கூடம் என்று தேர்ந்தெடுப்பதில்லை. எங்கே வேலை கொடுத்தார்களோ அங்கேதான் நிற்கிறான், கீழ்த்தளத்திலே, அடுப்படியிலே, பின்கதவுக்குப் பக்கத்திலே. அந்தப் பின்கதவு பூட்டியிருக்கிறதா என்று முதலிலே தெரிவது அவனுக்குத்தான். "ஐயா, பூட்டைத் திறந்து வையுங்கள்" என்று சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா? தனி ஒருவன் சொன்னால் இராது. ஓட்டல் தொழிலாளர் சங்கம் சொல்லட்டும். சென்னையிலே உள்ள நம் தோழர்கள் அவர்களோடு நின்று சொல்லட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசி வாரத்திலே போலீசார் ஓட்டல்காரர்களை அழைத்து நிபந்தனைகளைச் சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்திலே இன்னொரு நிபந்தனை சேரட்டும்: தீயணைப்புத் துறை அனுமதித்த ஆள் கணக்கையும், வெளியேறும் வழிகள் எத்தனை என்பதையும், தெருவிலே நிற்பவன் கண்ணுக்குத் தெரியும்படி, தமிழிலே, வாசலில் எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு டப்பா சிவப்புச் சாயமும், ஓர் ஆளின் அரைநாள் கூலியும் ஆகும்.