தரைக்கு விடுமுறை இல்லை

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த 61 நாட்கள் மீன்கள் இனம் பெருக்க. சரி, கடலின் தரைக்கு?

இழுவை மடியின் வேலையே தரையோடு போவதுதான். இரண்டு கனத்த பலகைகள் மடியின் வாயை விரிக்க, எடை கட்டிய அடிக்கயிறு சேற்றைக் கிளறி இறாலை எழுப்புகிறது. கூடவே கடற்பஞ்சு, சங்கு, நண்டு, மீன் குஞ்சு எல்லாமே வருகின்றன. விலை போகாதவை தீவன ஆலைக்குப் போகின்றன, இல்லாவிட்டால் கடலிலேயே கொட்டப்படுகின்றன.

1953-ல் கேரளத்தின் நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம், சாதாரண மீனவர்களின் வாழ்வை உயர்த்த வந்ததுதான். ஆனால் வெளிநாடுகளில் இறாலுக்குக் கிடைத்த விலை திட்டத்தின் திசையையே மாற்றியது. இழுவைப் படகுகள் பெருகின. பாரம்பரிய மீனவர்கள் எண்பதுகளில் உண்ணாவிரதம், மறியல் என்று இறங்க, 1988-ல் கேரளம் மழைக்கால இழுவைத் தடையைக் கொண்டுவந்தது. 1994-ல் உச்ச நீதிமன்றமும் தடை செல்லும் என்றது.

தடையால் பலன் உண்டு. ஆனால் அது காலத்தைத்தான் பூட்டுகிறது, இடத்தை அல்ல. ஒரே பருவத்தில் வளர்ந்துவிடும் இறாலுக்கு இரண்டு மாதம் உதவும். தலைதூக்கவே பல ஆண்டுகள் பிடிக்கும் பவளமும் கடற்பஞ்சும், தடை முடிந்த மறுநாள் விழும் முதல் மடியிலேயே போய்விடும்.

2017-ல் மத்திய அரசு இரட்டை மடிக்குத் தடை விதித்தது. ஒற்றை மடி தொடர்கிறது. இலங்கை அதே ஆண்டு இழுவை மடியையே சட்டப்படி ஒழித்தது.

இங்கே ஒரே கையெழுத்தில் அப்படிச் செய்ய முடியுமா? கடன்பட்டுப் படகு வாங்கியவர்கள், கூலிக்குக் கடலுக்குப் போகிறவர்கள், கரையில் இறால் உரிக்கும் பெண்கள் எல்லோருக்கும் அதில்தான் பிழைப்பு. பாக் நீரிணையில் 2,000 இழுவைப் படகுகளுக்குப் பதிலாக ஆழ்கடல் படகுகள் தரும் திட்டமும் 2017-ல்தான் வந்தது. 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 56 லட்சம் மானியம். இருந்தும் இலக்கு எட்டப்படவில்லை. மீதித் தொகையும் பழகாத தொழிலும் மீனவரைத் தயங்க வைத்தன.

முதலில் செய்யக்கூடியது, இடத்தைப் பூட்டுவது. கடற்பசுவுக்காகப் பாக் விரிகுடாவில் 2022-ல் தமிழகம் 448 சதுர கி.மீ. பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேயும் கடற்புல் படுகைகள் அங்கேதான். இதே போல மற்ற மாநிலங்களும் குஞ்சுகள் வளரும் இடங்களை இழுவை மடிக்கு ஆண்டு முழுவதும் மூடலாம். எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பது தூண்டில்காரருக்குத் தெரியும். எல்லை வரையும்போது அதிகாரிகள் அவரையும் கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.