பிள்ளைகளின் பசியைக் காப்போம்: சர்க்கரைப் பானங்கள் பற்றிய எங்கள் நிலைப்பாடு

சர்க்கரை சேர்த்த பானம் எதுவும் குழந்தையின் அன்றாட உணவில் இடம்பெறக் கூடாது. இரண்டு வயதுக்குள் ஒரு மிடறுகூட வேண்டாம். குழந்தை மருத்துவர்களும் ஊட்டச்சத்து வல்லுநர்களும் பெற்றோரும் சேர்ந்து இயங்கும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு இது.

சர்க்கரைப் பானம் என்று நாங்கள் சொல்வது கலரையும் கோலாவையும் மட்டுமல்ல. அட்டைப்பெட்டி மாம்பழப் பானம், ரோஸ்மில்க், பாலில் கலக்கும் இனிப்பு மால்ட் பவுடர், சர்க்கரை போட்ட டீ ஆகியவையும் இதில் அடங்கும். வெல்லமோ கருப்பட்டியோ தேனோ போட்டாலும் கணக்கு மாறாது.

ஏன் இந்த நிலைப்பாடு?

“பிள்ளை சாப்பிடவே மாட்டேங்குறான் டாக்டர், பசிக்கு ஏதாவது டானிக் எழுதிக் கொடுங்க.” எங்கள் மருத்துவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் முறையீடு இது. காலையிலிருந்து என்ன குடித்தான் என்று விசாரித்தால், பல வேளைகளில் காரணம் அங்கேயே கிடைத்துவிடுகிறது. எழுந்ததும் டீ, பதினோரு மணிக்கு ஜூஸ், மாலையில் மால்ட் பால். சாப்பிடவில்லையே என்ற கவலையில் அம்மா கொடுக்கும் டம்ளரே அடுத்த வேளைப் பசியையும் அடைத்துவிடுகிறது.

சிறு குழந்தையின் வயிறு சிறியது. இனிப்பு நீர் நிரம்பிய வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை. நாள் முழுதும் இனிப்புப் பானம் குடித்து, பசியின்றி, எடை ஏறாமல், வயிறு இளகிய நிலையில் வந்த குழந்தைகளைப் பற்றி பிரிட்டன் மருத்துவர்கள் 1995இலேயே மருத்துவ இதழில் எழுதினார்கள். பானத்தைக் குறைத்ததும் அவர்கள் தேறினார்கள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இதே பானம் வேறு விதமாக வேலை செய்கிறது. மென்று தின்னும் உணவைப் போல, குடித்த சர்க்கரை வயிறு நிறைந்த உணர்வைத் தருவதில்லை. அதனால் குடித்த அளவுக்குச் சாப்பாடு குறைவதில்லை. நெதர்லாந்தில் 641 குழந்தைகளுக்கு 18 மாதங்கள், தினமும் 250 மி.லி. பானம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. சர்க்கரையில்லாப் பானம் குடித்தவர்கள் சராசரியாக 6.35 கிலோ கூடினார்கள். சர்க்கரைப் பானம் குடித்தவர்கள் 7.37 கிலோ கூடினார்கள்.

நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு சுமார் 1,360 கிலோகலோரி தேவை. சேர்க்கப்படும் சர்க்கரை இதில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 34 கிராம் அல்லது 17 கிராம். 100 மி.லி.க்கு 12 கிராம் சர்க்கரை உள்ள 200 மி.லி. பெட்டி ஒன்றில் 24 கிராம் போய்விடுகிறது. இரண்டு சிறிய இட்லி தரும் ஆற்றல் அதில் உண்டு. உளுந்தின் புரதம் இல்லை.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசிய குடும்பநல ஆய்வு (2019–21) கண்டது. கீரையும் பருப்பும் முட்டையும் தட்டிலேயே மிஞ்சுவதை இப்படிப்பட்ட மாநிலம் தாங்காது. டீ, உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்வதையும் தடுக்கிறது.

நாங்கள் கேட்பவை

பெற்றோருக்கு: தாகத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். மோரும் இனிப்பில்லாப் பாலும் கொடுக்கலாம். பழத்தைச் சாறு பிழியாமல் அப்படியே கொடுங்கள். பிள்ளை சாப்பிடாத உணவுக்கு ஈடாக இனிப்புப் பானம் கொடுக்காதீர்கள். அடுத்த வேளை வரை பசிக்கட்டும். எடை குறைந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பள்ளிகளுக்கு: கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளியிலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அதை நடைமுறைப்படுத்துங்கள். காலை உணவும் சத்துணவும் பரிமாறும் பள்ளியில் பிள்ளைகள் பசியோடு பந்திக்கு வர வேண்டும்.

அரசுக்கு: 2025 செப்டம்பர் 22 முதல் வாயு ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 விழுக்காடு, வாயு ஏற்றாத பழச்சாறு பானத்துக்கு 5 விழுக்காடு. குழந்தையின் உடலுக்கு இரண்டிலும் உள்ளது ஒரே சர்க்கரைதான். வாயுவைப் பார்க்காமல் சர்க்கரையின் அளவைப் பார்த்து வரி விதியுங்கள். அந்த அளவை எச்சரிக்கையாகப் பெட்டியின் முகப்பிலேயே பெரிதாக அச்சிட வையுங்கள்.

விதிவிலக்குகள்

வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். மருந்து. அதற்கு ஈடாக ஜூஸ் கொடுக்கக் கூடாது. நீரிழிவுள்ள குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால், நினைவோடு இருக்கும்போது, உடனே இனிப்பு நீர் கொடுத்தே ஆக வேண்டும்.

எங்கள் உறுதி

பான நிறுவனங்களிடமிருந்து நன்கொடையோ கருத்தரங்கச் செலவோ பெற மாட்டோம். சாப்பிட மறுக்கும் குழந்தையோடு வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும், டானிக் எழுதுவதற்கு முன், பிள்ளை இன்று என்னென்ன குடித்தது என்று எங்கள் மருத்துவர்கள் கேட்பார்கள்.