“ஹார்ட் பீட் குறையுது” என்று சொன்னால்...

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

“குழந்தைக்கு ஹார்ட் பீட் குறையுது, கையெழுத்து போடுங்க.” பிரசவ அறை வாசலில் இதைக் கேட்டதும் பாதிப் பேர் அழ ஆரம்பிக்கிறார்கள். மீதிப் பேர், “பணத்துக்காக ஆபரேஷன் பண்ணப் பார்க்கிறாங்க” என்கிறார்கள். விஷயம் என்னவென்று தெரியாததால்தான் இரண்டும் நடக்கிறது.

வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். வலி வரும்போது கர்ப்பப்பை இறுகும். அப்போது துடிப்பு இறங்குவதில் பல வகை உண்டு.

வலியோடு சேர்ந்து இறங்கி, வலி விட்டதும் ஏறிவிட்டால், பெரும்பாலும் தலை அழுந்துவதால் வருவது, பயமில்லை. சட்டென்று இறங்கிச் சட்டென்று ஏறினால் தொப்புள்கொடி அழுந்தியிருக்கலாம். எப்போதாவது வந்தால் பரவாயில்லை, திரும்பத் திரும்ப வந்தால் கவனிக்க வேண்டும். வலி உச்சத்தைத் தாண்டிய பிறகு இறங்கி, வலி விட்ட பிறகும் மெதுவாகவே ஏறினால், குழந்தைக்கு ஆக்ஸிஜன் போதவில்லை என்று பொருளாகலாம். இறங்கிய துடிப்பு ஏறாமல் அப்படியே நின்றுவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

துடிப்பு இறங்கிய உடனே ஆபரேஷன்தான் என்பதும் இல்லை. தாயை ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். வலி கூட்டும் மருந்து ஏறிக்கொண்டிருந்தால் நிறுத்துவார்கள். இரத்த அழுத்தம் பார்த்து, தேவைப்பட்டால் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். கொடி முன்னால் இறங்கியிருக்கிறதா என்று பரிசோதிப்பார்கள். பல நேரம் இதிலேயே துடிப்பு மீண்டுவிடும்.

துடிப்பைத் தாளில் கோடாக வரையும் சி.டி.ஜி. இயந்திரத்தையும் அளவோடுதான் நம்ப வேண்டும். அதைத் தொடர்ந்து மாட்டி வைப்பதால் பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு வருவது குறைகிறது. ஆனால் குழந்தை இறப்பும் மூளை வாதமும் குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை, சிசேரியன்தான் கூடுகிறது. அதனால்தான் ஆரோக்கியமான தாய்க்கு இயல்பாக வலி வந்தால், தொடர் இயந்திரம் வேண்டாம், குறிப்பிட்ட இடைவெளியில் துடிப்பைக் கேட்டால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. தீவிர வலி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. இதற்கு விலை உயர்ந்த கருவியை விடப் பக்கத்தில் நிற்கும் ஒரு நர்ஸ்தான் முக்கியம்.

மக்களின் சந்தேகத்துக்கும் காரணம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் 100 பிரசவங்களில் ஏறக்குறைய 64 சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. கேள்வி கேட்க வேண்டியதுதான். ஆனால் கேட்கும் நேரம் பிரசவ அறை வாசல் இல்லை, எட்டாம் மாதம். “துடிப்பை எப்படிக் கவனிப்பீங்க? இறங்கினா முதல்ல என்ன செய்வீங்க? ராத்திரி டாக்டரும் மயக்க மருந்து நிபுணரும் இருப்பாங்களா?” இந்த மூன்றையும் அப்போதே கேட்டு, பதில் திருப்தியில்லை என்றால் அப்போதே இடம் மாற்றுங்கள். வாசலில் நின்றுகொண்டு மாமாவுக்குப் போன் போட்டுக் கலந்து பேசும் பத்து நிமிடம், உள்ளே இருக்கும் குழந்தைக்கு மிக நீளம்.

இன்னொன்று. நினைவோடு இருக்கும் பெண்ணின் சம்மதம் அவளுடையது. கணவனும் மாமியாரும் தயங்குகிறார்கள் என்பதற்காக அவள் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் அவளிடம் சொல்லுங்கள், அவளைக் கேளுங்கள்.

என்னிடம் படித்து இன்று டாக்டராகவும் நர்ஸாகவும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். “ஹார்ட் பீட் குறையுது” என்பதோடு நிறுத்தாதீர்கள். எவ்வளவு இறங்கியது, என்ன செய்து பார்த்தோம், ஏன் இனியும் காத்திருக்க முடியாது என்று மூன்று வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். அரை நிமிடம்தான் ஆகும். காலமெல்லாம் மனதில் நிற்கும் சந்தேகம் அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அவளைப் பார்க்கும் மருத்துவரிடமே கேளுங்கள். பிரசவ நாள் நெருங்கியவர்கள் வீட்டில் இருந்தால் இதை அவர்கள் கணவருக்கும் அனுப்பி வையுங்கள்.