42 ஆயிரம் டாலருக்கு இவ்வளவு சண்டையா? ஒரு சின்ன ஊர் நூலகத்தின் நிதியை நிறுத்திய அலபாமா: பின்னணி என்ன?

அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் மொபைல் விரிகுடாவை ஒட்டி இருக்கிறது ஃபேர்ஹோப். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 22 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். நம்ம ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவுதான். 2025 மார்ச் மாதத்தில் இந்த ஊரின் பொது நூலகம் நாடு முழுக்கச் செய்தியானது. காரணம், மாநில அரசு தரும் நிதியை நிறுத்தி வைப்பதாக அலபாமா பொது நூலகச் சேவை வாரியம் மார்ச் 20 அன்று வாக்களித்து முடிவெடுத்தது.

நிறுத்தப்பட்ட தொகை ஆண்டுக்குச் சுமார் 42 ஆயிரம் டாலர், அதாவது ஏறக்குறைய 36 லட்சம் ரூபாய். நூலகத்தின் பெரும்பகுதிச் செலவை நகர நிர்வாகமே பார்த்துக்கொள்கிறது. அதனால் இந்தப் பணம் வராவிட்டால் நூலகம் உடனே பூட்டப்பட்டுவிடாது. அப்புறம் எதுக்கு இவ்வளவு பரபரப்பு?

பிரச்னை எங்கே தொடங்கியது?

அலபாமாவில் நூலகங்களுக்கு மாநில நிதி சும்மா கிடைக்காது. சில நிபந்தனைகளை நிறைவேற்ற வேண்டும். 2024-இல் அந்த நிபந்தனைகள் கடுமையாக்கப்பட்டன. 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பகுதியில் பாலியல் ரீதியில் வெளிப்படையான புத்தகங்களோ, அவர்களுக்குப் 'பொருத்தமற்றது' என்று கருதப்படும் புத்தகங்களோ இருக்கக் கூடாது என்பது அதில் முக்கியமானது. வயதுக்கு ஏற்ற மதம், வரலாறு, உயிரியல், உடற்கூறு நூல்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஃபேர்ஹோப் நூலகத்தின் பதின்பருவத்தினர் பகுதியில் இருக்கும் சில புத்தகங்கள் இந்த விதிக்குப் பொருந்தவில்லை என்று புகார் போனது. புகார் வந்த புத்தகங்களைத் தங்கள் நடைமுறைப்படி பரிசீலித்துத்தான் முடிவெடுத்தோம் என்பது உள்ளூர் நூலக வாரியத்தின் நிலைப்பாடு. மாநில வாரியம் அதை ஏற்கவில்லை.

புத்தகத் தடையா, இடமாற்றமா?

மாநில வாரியத்தின் அப்போதைய தலைவர் ஜான் வால், அலபாமா குடியரசுக் கட்சியின் தலைவராகவும் இருந்தவர். அவர் தரப்பின் வாதம் எளிமையானது: எந்தப் புத்தகத்தையும் தடை செய்யவில்லை, பெரியவர்கள் பகுதிக்கு மாற்றி வையுங்கள், அவ்வளவுதான். 13 வயதுப் பிள்ளை எதைப் படிக்கணும்னு பெற்றோர் முடிவு பண்ணட்டும். அரசுப் பணம் வேண்டுமென்றால் அரசு விதியை மதிக்க வேண்டும். இந்த வாதத்தில் நியாயம் இருப்பதாக நினைக்கும் பெற்றோர் அங்கே குறைவில்லை.

எதிர்த்தரப்பு கேட்பது வேறு. 'பொருத்தமற்றது' என்ற சொல்லுக்கு அளவுகோல் என்ன? அதை யார் முடிவு செய்வது?

இந்த விவாதத்தில் அடிபட்ட புத்தகங்களில் ஒன்றைப் பார்த்தால் சிக்கல் புரியும். பாட்ரிசியா மெக்கார்மிக் எழுதிய 'சோல்ட்' என்ற நாவல் அது. நேபாள மலைக் கிராமத்திலிருந்து இந்தியாவுக்குக் கடத்தப்பட்டு, பாலியல் தொழிலுக்கு விற்கப்படும் ஒரு சிறுமியின் கதை. 2006-இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில், இளையோர் பிரிவில் இடம்பெற்றது. கதையில் பாலியல் வன்கொடுமை வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சிறுமியின் வயதில் இருப்பவர்கள் எச்சரிக்கையாக இருப்பதற்காகவே படிக்க வேண்டிய கதை என்கிறார்கள் ஆதரவாளர்கள். ஒரே புத்தகம், ஒரு தரப்புக்கு ஆபாசம், இன்னொரு தரப்புக்கு எச்சரிக்கை.

ஊர் மக்கள் என்ன செய்தார்கள்?

ஃபேர்ஹோப் அரசியலில் வலதுசாரிச் சாய்வுள்ள பகுதி. ஆனாலும் நிதி நிறுத்தப்பட்டதும் நன்கொடை குவிந்தது. நிறுத்தப்பட்ட தொகையை ஏறக்குறைய ஈடுகட்டும் அளவுக்குச் சில நாட்களிலேயே பணம் சேர்ந்துவிட்டது.

இந்த ஊரின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நிலத்தின் மீது மட்டுமே வரி போட்டால் போதும் என்ற ஹென்றி ஜார்ஜின் பொருளாதாரக் கொள்கையை நடத்திக் காட்டுவதற்காகவே 1894-இல் சிலர் ஒன்றுகூடி உருவாக்கிய குடியிருப்பு இது. அங்கே குடியேறிய மேரி ஹௌலண்ட் என்ற எழுத்தாளரின் சொந்தப் புத்தகச் சேகரிப்பிலிருந்துதான் ஊர் நூலகம் வளர்ந்தது. எனவே இதை 'எங்க நூலகம்' என்று அவர்கள் நினைப்பது இயல்பு.

ஆனால் நன்கொடை ஒரு வருஷத்தைத் தாண்ட உதவும். ஒவ்வொரு வருஷமும் உண்டியல் குலுக்க முடியாது. ஃபேர்ஹோப் வசதியானவர்கள் வாழும் ஊர் வேறு. மாநில நிதியை நம்பியே புத்தகம் வாங்கும் ஏழை ஊர்களின் நூலகர் இந்தச் செய்தியைப் படித்தால் என்ன செய்வார்? புகார் வருவதற்கு முன்பே சர்ச்சையான புத்தகங்களை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார். 42 ஆயிரம் டாலர் சின்னத் தொகையாக இருந்தாலும், அது கிளப்பும் பயம் பெரிது என்று சொல்வது இதனால்தான்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

டெக்சாஸில் லானோ கவுண்டி நூலகத்திலிருந்து 17 புத்தகங்கள் நீக்கப்பட்ட வழக்கில், நூலகத்திலிருந்து புத்தகங்கள் நீக்கப்படுவதை வாசகர்கள் கருத்துரிமையைக் காட்டி நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாது என்று 5-வது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை விசாரிக்க உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரில் மறுத்துவிட்டது. அலபாமா அந்த நீதிமன்றத்தின் வரம்புக்குள் இல்லை என்றாலும், நூலகங்கள் மீது அழுத்தம் தரும் தரப்புக்கு இது தெம்பு தரும் தீர்ப்பு.

தமிழ்நாட்டில் இப்படி நடக்குமா?

இங்கே ஏற்பாடே வேறு. எஸ்.ஆர்.ரங்கநாதன் போன்றோரின் நீண்ட முயற்சிக்குப் பின் 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அதன்படி சொத்து வரியோடு சேர்த்து 10 சதவீதம் நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. உள்ளாட்சி அமைப்புகள் அதை வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அதாவது, அந்தப் பணம் யாரோ மனசு வைத்துக் கொடுக்கும் மானியம் இல்லை, சட்டப்படி நூலகத்துக்கு உரியது.

ஆனால் இங்கே இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, வசூலித்த நூலக வரியை உள்ளாட்சி அமைப்புகள் ஒழுங்காகக் கட்டுவதில்லை என்ற பல ஆண்டுப் புகார். இன்னொன்று, புத்தகங்கள் பெரும்பாலும் மாநில அளவில் தேர்வு செய்யப்பட்டு மொத்தமாக வாங்கப்படுவதால், ஊர் நூலகருக்கும் வாசகருக்கும் அதில் பெரிய பங்கில்லை. ஃபேர்ஹோப்பில் புத்தகத்தை ஊர் தேர்வு செய்தது, மாநிலம் பணத்தைப் பிடித்துவைத்தது. இங்கே பணத்தை ஊர் கட்டுகிறது, புத்தகத்தை மாநிலம் தேர்வு செய்கிறது.

அடுத்த முறை சொத்து வரி கட்டும்போது நூலக வரி எவ்வளவு என்று பாருங்கள். அந்தப் பணம் உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா, அதில் என்ன புத்தகம் வந்தது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.