நீலப் புள்ளிக்கு எதிராக

என் அறைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. கட்டிலுக்கு அடியில் கிடக்கும் வரைபடச் சுருள்களைப் பார்த்ததும் முதல் வகை, "எதுக்கு மச்சி இதெல்லாம்? போன்லயே எல்லாம் இருக்கே" என்று சிரிக்கும். இரண்டாவது வகை ஒன்றை உருவி விரித்து, "செம்ம விண்டேஜ்டா. ஃப்ரேம் போட்டு மாட்டு, ஹாலே வேற மாதிரி ஆயிடும்" என்று சொல்லி ஒரு படமும் எடுத்துக்கொள்ளும். முதல் வகைக்கு அது குப்பை, இரண்டாவது வகைக்கு அலங்காரம். இரண்டு பேருமே அதைப் படிப்பதில்லை. இந்தக் கட்டுரை இரண்டு பேருக்கும் எதிரானது. கொஞ்சம் எனக்கும் எதிரானது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் படித்தது சிவில் இன்ஜினியரிங். சர்வே கேம்ப்பில் பத்து நாள் வெயிலில் டம்பி லெவலையும் ஸ்டாஃபையும் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். அதோடு சரி. கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு மென்பொருள் நிறுவனம் எடுத்துக்கொண்டது, என் வகுப்பில் பாதிப் பேரை எடுத்துக்கொண்டதுபோல. ஆனாலும் வரைபடம் என்னை விடவில்லை. பல வருடங்களாக என் சம்பளமே அதிலிருந்துதான் வருகிறது. பொருட்களை வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வண்டிகளுக்கு வழி கணக்கிடுகிற மென்பொருளில் வேலை. எனவே, டிஜிட்டல் வரைபடத்தைத் திட்டுகிற பழமைவாதி என்று என்னை ஒதுக்கிவிட முடியாது. அந்த அடுப்படியில் நின்று சமைக்கிறவன் நான். அங்கே என்ன கலக்கிறோம் என்று எனக்குத் தெரியும்.

போன் வரைபடத்தில் ஒவ்வொரு ஜூம் நிலையிலும் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று யாரோ விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். பெட்ரோல் பங்க் இந்த நிலையில் தெரியட்டும், கோயில் அதற்கு அடுத்த நிலையில், சந்து கடைசியில். இதற்காக மணிக்கணக்கில் கூட்டம் போட்டுப் பேசுவோம். ஓடையைப் பற்றி ஒரு கூட்டத்தில்கூட நாங்கள் பேசியதில்லை. டெலிவரி வண்டிக்கு ஓடை எதற்கு? ஓடை, கரை, மதகு, மேடு, பள்ளம் எல்லாம் சேர்ந்து திரையில் ஒரே வெளிர் சாம்பலாகிவிடும். அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்க்கிறவர் 'இங்கே ஒன்றுமில்லை' என்று படித்துக்கொள்கிறார். அதற்கு உண்மையான அர்த்தம், 'இங்கே இருப்பதைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை' என்பதுதான்.

அப்புறம் அந்த நீலப் புள்ளி. நீங்கள் எங்கே போனாலும் திரையின் நடுவில் இருப்பீர்கள். நீங்கள் நகர்ந்தால் பூமி நகர்ந்து வழிவிடும். மகாராஜாக்களுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை. ஆனால் அந்த மரியாதைக்குக் கொடுக்கிற விலை, 'நான் எங்கே இருக்கிறேன்' என்ற கேள்வியை நீங்களே கேட்டு நீங்களே பதில் தேடுகிற வேலை உங்கள் கையைவிட்டுப் போவது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர் தோரு இஷிகாவாவும் அவருடைய குழுவினரும், ஜிபிஎஸ் கருவியோடு நடந்தவர்களையும் காகித வரைபடத்தோடு நடந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். கருவிக்காரர்கள்தான் அதிக தூரம் நடந்தார்கள், அதிக முறை நின்றார்கள். இதை நான் ஆச்சரியமாகச் சொல்லவில்லை. ஐந்து வருடமாகப் போய்வரும் ஆபீஸுக்கு வழி கேட்டால் போனை எடுக்கிற நண்பர்கள் எல்லோருக்கும் இருக்கிறார்கள்.

இனி காகிதத்துக்கு வருவோம். சர்வே ஆஃப் இந்தியாவின் டோப்போஷீட்டைத்தான் சொல்கிறேன். நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எண் கொடுத்திருப்பார்கள். பழைய கணக்கில் மதுரை 58 கே, திருநெல்வேலி 58 எச், ஊட்டி 58 ஏ, தாம்பரம் 66 டி. ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி பதினாறாகப் பிரித்தால் ஒரு ஷீட். 1:50,000 அளவில் 2 சென்டிமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர். ஒரு ஷீட்டில் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டர் அகலமும் 27 கிலோமீட்டர் உயரமும் கொண்ட நிலம், அரை மீட்டர் சொச்சம் காகிதத்தில், ஒரே பார்வையில். அதே அளவில் உங்கள் போன் திரையில் அகலவாக்கில் மூன்றரைக் கிலோமீட்டர் தெரியும். பெரிதாகப் பார்க்க விரலால் சுருக்கினால் ஓடைகள் மறையும். விவரமும் பரப்பும் சேர்ந்து கிடைக்கவே கிடைக்காது. கணக்கு இவ்வளவுதான். இதில் ஏக்கம், பழமை, காகித வாசனை எதுவும் இல்லை.

அந்த ஷீட்டில் என்ன இருக்கிறது? பழுப்புக் கோடுகள் உயரம் சொல்லும். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர். நீர் நிற்கிற ஏரி நீலம்; வறண்டு கிடக்கிற ஏரிக்குக் கருப்பில் விளிம்பு மட்டும். கட்டுக்கல் வைத்த கிணறு, வைக்காத கிணறு என்று கிணற்றிலேயே பேதம் காட்டியிருப்பார்கள். கரையின் பக்கத்தில் '3 ஆர்' என்று பொடியாக எழுதியிருந்தால், சுற்றியுள்ள தரையிலிருந்து கரை 3 மீட்டர் உயர்ந்து நிற்கிறது என்று பொருள். பிறகு பெயர்கள். ஏரி, தாங்கல், கண்மாய், ஏந்தல், ஊருணி என்று முடிகிற பெயர்களை வரிசையாக வாசித்துப் பாருங்கள். அந்தந்த ஊர்க்காரர்கள் தண்ணீரை எப்படி நிறுத்தினார்கள் என்ற வரலாறு அதில் இருக்கிறது. யாரும் உங்களை 'எங்கே போகணும்?' என்று கேட்க மாட்டார்கள். நீங்கள் கேட்காத கேள்விக்கும் பதில் அந்தத் தாளில் கிடக்கும். அதுதான் விஷயம்.

கேட்காத கேள்வியின் விலை என்ன என்று எனக்குத் தெரியும்.

2013இல் அக்காவும் மாமாவும் தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் தாண்டி ஒரு மனை பார்த்தார்கள். இரண்டு பேருடைய பதினைந்து வருடச் சேமிப்பும் அக்காவின் நகையும் சேர்ந்து அதில் போக வேண்டும். அக்கா எனக்குப் போன் செய்தாள். "டேய், நீதான் மேப்பு வேலை செய்றியே, இந்த எடம் எப்படின்னு பாத்துச் சொல்லு." பார்த்தேன். மொத்தம் நாலு நிமிடம் பார்த்திருப்பேன். "சூப்பர் லொகேஷன்க்கா. பஸ் ஸ்டாண்டுக்குப் பதினோரு நிமிஷம். ஸ்கூல் ரெண்டு கிலோமீட்டர். சுத்தி காலி எடம்தான், நல்லா டெவலப் ஆகும்." திரையில் வெளிர் சாம்பல். நான் சொன்னதில் ஒரு தகவல்கூடப் பொய்யில்லை. வாங்கினார்கள், கடன் வாங்கி வீடும் கட்டினார்கள்.

2015 டிசம்பர் முதல் வாரம். முடிச்சூரும் வரதராஜபுரமும் டிவியில் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா வீட்டில் தண்ணீர் மார்பளவு. இரண்டு குழந்தைகளோடு பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒரு இரவும் ஒரு பகலும் இருந்தார்கள். கீழே இருந்த எதுவும் மிஞ்சவில்லை. பத்திரத்தை மட்டும் மாமா பிளாஸ்டிக் கவரில் கட்டி இடுப்பில் சொருகியிருந்தார்.

அதற்குப் பிறகுதான், எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறை பொறியாளர் ஒருவர் தன் பழைய ஷீட்டை என் முன்னால் விரித்தார். நான் பிறப்பதற்கு முன்பே அளந்தது. அக்காவின் மனை எங்கே என்று காட்டச் சொன்னார். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. மேப்பு வேலை செய்கிறவனுக்கு, நீலப் புள்ளி இல்லாமல், சொந்த அக்காவின் வீடு எங்கே என்று தெரியவில்லை. ரயில் பாதையைப் பிடித்து, சாலை பிரிகிற இடத்தைப் பிடித்து அவர்தான் என் விரலை நகர்த்தினார். மேலே ஒரு ஏரி, அதன் கலங்கல். அங்கிருந்து கீழே இருக்கிற ஏரிக்கு மெல்லிய நீலக் கோடு. மனைப்பிரிவு முழுக்க அந்தக் கோட்டின்மேல் குறுக்கே உட்கார்ந்திருந்தது. "மேல் ஏரி நெறஞ்சா தண்ணி வேற எங்கப்பா போகும்?" என்றார் சார். ஏரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே இன்னும் வீட்டை விற்க முடியாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். விற்றவர் பெயரும் வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கோடு மட்டும் சொல்லாமல் விடப்பட்டிருந்தது.

என் சேகரிப்பு அப்படித் தொடங்கியது. அதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். முதலாவது: "காகித வரைபடம் பழசு, அப்டேட் ஆகாது." ஆமாம், அதுதான் அதன் பெருமை. எந்த வருடம் அளந்தது என்று ஓரத்தில் அச்சடித்திருக்கும். போன் வரைபடத்தில் நேற்றைக்கு இடமே இல்லை. இன்று வந்தது நேற்று இருந்ததை அழித்துக்கொண்டுதான் உட்காரும். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. போய் நின்று பாருங்கள், லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகரை உருவாக்கினார்கள். அந்த ஏரி இன்று பழைய வரைபடங்களிலும் ஒரு தெருப்பெயரிலும்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீருக்கு மட்டும் பழைய வரைபடம் மறப்பதில்லை.

இரண்டாவது எதிர்வாதம் கொஞ்சம் கனமானது. "இதெல்லாம் வெள்ளைக்காரன் வரி வாங்கவும் படை நடத்தவும் போட்ட கோடுதானே?" மறுக்கவே மாட்டேன். சர்வே ஆஃப் இந்தியா 1767இல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலையில் சங்கிலியைப் போட்டு, தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோமீட்டரை 57 நாட்கள் அளந்தார். இமயமலைவரை நீண்ட மாபெரும் முக்கோண அளவீட்டின் முதல் கோடு அது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அது சிதைந்தது. லாம்டன் வாரக்கணக்கில் தானே உட்கார்ந்து சரிசெய்தார். அவர் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தக் கயிற்றை இழுத்தவர்களின் பெயர் எதிலும் இல்லை. சரி, வரைபடம் அதிகாரத்தின் கருவி. ஆனால் நாம் அதைப் படிக்காமல் விட்டால் அது யாருடைய கருவியாக நீடிக்கும்? மனை போட்டு விற்கிறவருக்குப் படிக்கத் தெரியும். சாலைக்கு நிலம் எடுக்கிறவருக்கும் தெரியும். தெரியாதது நமக்கு மட்டும்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு நம் அரசும் அதைப் பூட்டித்தான் வைத்தது. எல்லையோரமும் கடலோரமும் பெரும்பகுதிக்கான விரிவான ஷீட்கள் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்காதவை. 2005இல்தான் தேசிய வரைபடக் கொள்கை வந்து, பாதுகாப்புத் துறைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். 2017இல் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள், அதற்கும் ஆதார் எண் கேட்டார்கள். 2021இல்தான் கட்டுப்பாடுகள் பெரிய அளவில் தளர்ந்தன. ஆக, ஒரு தலைமுறை வரைபடத்தைப் பார்க்காமலே வளர்ந்தது. அடுத்த தலைமுறைக்குப் போன் வந்துவிட்டது. இடையில் நமக்குக் கிடைத்ததெல்லாம் பத்தாம் வகுப்புப் பரீட்சையில், வெற்று இந்தியாவில் கருப்புப் புள்ளி வைத்து மதிப்பெண் வாங்கியது மட்டும்தான். ஏதோ ஒரு மலைத்தொடரைக் குறிக்கத் தெரிந்த பையனுக்குத் தன் ஊர் ஏரியின் உபரிநீர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாது.

மூன்றாவது: "ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல பாத்தா ஆகாதா?" தாராளமாகப் பாருங்கள். ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் உங்கள் ஊர் ஓடையை நீங்களே வரைந்து சேருங்கள். என் சண்டை திரையோடு இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி, உங்களை நடுவில் உட்காரவைத்து, மற்றதையெல்லாம் சாம்பலாக்குகிற ஏற்பாட்டோடுதான் சண்டை. ஆனாலும் தரையில் விரித்த தாளைச் சுற்றி நாலு பேர் உட்கார முடியும். ஆளுக்கொரு விரல் வைத்துச் சண்டை போட முடியும். ஒரு போனைச் சுற்றி அது நடப்பதில்லை.

எனவே ஃப்ரேம் போடுகிற நண்பருக்குச் சொல்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் போன வரைபடத்தில் விரல் வைக்க முடியாது. குப்பை என்கிற நண்பருக்கும் சொல்கிறேன். உங்கள் ஊர் ஷீட் ஒன்றை வாங்குங்கள் அல்லது அச்செடுங்கள். உங்கள் வீட்டை நீலப் புள்ளி இல்லாமல் கண்டுபிடியுங்கள். பிறகு வீட்டுக்கு மேலே இருக்கிற ஏரி எது, அதன் தண்ணீர் எந்த வழியாகக் கீழே வரும் என்று பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போதும்.

இதனால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல மாட்டேன். இப்போது சொந்தத்தில் யார் மனை வாங்கினாலும் அக்கா, "மொதல்ல தம்பிகிட்ட அந்தப் பேப்பரைக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுகிறாள். போன மாதம் மாமாவின் தம்பி வந்தார். ஷீட்டைத் தரையில் விரித்தோம். அவர் காட்டிய இடத்தில் கருப்பு விளிம்போடு ஒரு வறண்ட தாங்கல். கரையைக் காட்டினேன், தண்ணீர் வரும் வழியைக் காட்டினேன். ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, "அப்ரூவல் இருக்கே மாப்ள" என்றார். அடுத்த வாரம் பத்திரம் பதிந்தார்கள். அக்கா அந்த விசேஷத்துக்குப் போகவில்லை.