வாழைப்பழத்தில் விதை எங்கே போச்சு?

வாழைப்பழத்தைக் கடித்தால் நடுவில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாக முடியாமல் போனவை அவை. காட்டு வாழையில் 22 குரோமோசோம்கள். ஜோடி சேர்ந்து, பாதிப் பாதியாகப் பிரிந்து இனச்செல்கள் உருவாகும். பள்ளியில் படித்த அதே குன்றல் பகுப்புதான். கடையில் தொங்கும் மோரிஸ் பழத்துக்கோ 33, அதாவது மூன்று செட்! கோலாட்ட ஜோடிக்கு நடுவே மூன்றாவது ஆள் புகுந்த கதையாகப் பங்கீடு குழம்பிவிடும். இனச்செல் சரியாக அமையாது, விதையும் இல்லை.

சாப்பிடுபவர்களுக்கு வசதி, வாழைக்குத்தான் ஆபத்து. பக்கக்கன்று வைத்தே வளர்ப்பதால் எல்லா மரமும் ஒரே அச்சு. ஒன்றைச் சாய்க்கும் நோய் தோப்பையே சாய்க்கும். உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் ரகத்தை அப்படித்தான் பனாமா வாடல் நோய் 1960-களுக்குள் விரட்டியது. அந்த இடத்துக்கு வந்தது கேவண்டிஷ். மோரிஸ் அந்தக் குடும்பம்தான். அதே நோயின் புது வகை இப்போது அதையும் துரத்துகிறது.