கடைமடைத் தமனிகள்

மனித தேகத்தின் எடையில் மூளையின் பங்கு நூற்றில் இரண்டே. ஆயினும் இருதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கை அது தனக்கென வாங்கிக்கொள்கிறது. நிமிஷத்துக்குச் சுமார் முக்கால் லிட்டர் எனலாம். வயிறு ஒரு வேளைப் பட்டினியைப் பொறுக்கும். மூளையோ சில நிமிஷப் பட்டினியையும் பொறாது. அதற்குச் சேமிப்புக் களஞ்சியம் என்பதே கிடையாது. இத்துணை அருமையான உறுப்புக்கு இரத்தம் பாயும் வழியை இவ்வாரம் சிறிது ஆராய்வோம்.

கழுத்தின் முன்புறத்தே இரண்டும், பின்புறத்தே முள்ளெலும்பை ஒட்டி இரண்டுமாக நான்கு பெருந்தமனிகள் கபாலத்தினுள் ஏறுகின்றன. மூளையின் அடியில் இவற்றின் கிளைகள் ஒன்றோடொன்று கூடி ஒரு வளையமாகின்றன. 1664-ஆம் ஆண்டில் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் இதனைத் தம் நூலில் விளக்கியமையால், இன்றும் அது வில்லிஸ் வளையம் என்றே வழங்குகிறது. அந்நூலுக்குச் சித்திரம் தீட்ட உதவியவர், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் ஆலயத்தை நிருமாணித்த கிறிஸ்டபர் ரென். வளையம் குறைவின்றி அமைந்தவர்களுக்கு, ஒரு தமனி அடைபட்டாலும் மற்றொன்றின் இரத்தம் சுற்றிவந்து குறையை நிரப்பக்கூடும். இயற்கையின் முன்யோசனை வியக்கத்தக்கது!

ஆனால் அந்த முன்யோசனை கடைசி வரையில் செல்லவில்லை. நமது கம்பம் பள்ளத்தாக்கின் பாசனத்தை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். 1895-இல் பென்னிகுயிக் துரை முடித்த பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்க வழியே இறங்கி, ஆறாய்ப் பெருகி, வாய்க்கால்களாய்ப் பிரிந்து, மார்க்கையன்கோட்டை வயல்களையும் நனைக்கிறது. தலைவாய்க்காலில் ஒரு மடை பழுதுற்றால் வேறு மடையைத் திறந்து சமாளிக்கலாம். கடைமடை வயலுக்கோ ஒரே வரத்து. அது தூர்ந்தால் அந்த வயல் காய வேண்டியதுதான்.

மூளையிலும் கடைமடைகள் உண்டு. நடு மூளைத் தமனி என்னும் பெருங்குழாயிலிருந்து, பக்கந்தோறும் சிறு கிளைகள் ஏறக்குறைய செங்கோணமாகப் பிரிந்து மூளையின் ஆழத்தைத் துளைத்துச் செல்கின்றன. அவற்றின் விட்டம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவே. துளைக்கும் தமனிகள் என்பது அவற்றின் பெயர். பக்கத்துக் குழாயோடு அவற்றுக்குப் பயன்தரத்தக்க இணைப்பு இல்லை. அவை இரத்தம் ஊட்டும் இடமோ மிக முக்கியமானது. மூளையின் மேற்பரப்பிலிருந்து கை, கால், முகத்துக்கு ஆணை கொண்டு செல்லும் நரம்பிழைகள் அனைத்தும் அங்கே ஒரு குறுகிய கணவாயில் நெருங்கிச் செல்கின்றன. எனவே அவ்விடத்தில் பட்டாணிக் கடலை அளவு திசு மடிந்தாலும், எதிர்ப்பக்கத்து அங்கம் முழுவதும் விழுந்துவிடக்கூடும். நாம் பக்ஷவாதம் என்று அஞ்சுவது பல வேளைகளில் இதுவே.

இந்த நுண்தமனிகளின் பெரும் பகைவன் இரத்தக் கொதிப்பு. பெருங்குழாயிலிருந்து நேரே பிரிவதால், அதன் வேகம் முழுவதையும் இம்மெல்லிய சுவர்கள் தாங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் தாங்கித் தாங்கிச் சுவர் தடித்துத் துவாரம் அடைபடும். அல்லது நைந்து ஒருநாள் வெடிக்கும். அதுவரையில் வலியும் இல்லை, அறிகுறியும் இல்லை.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், 1945 ஏப்ரல் 12-ஆம் தேதி தலையில் கடும் வலி என்று சொல்லிச் சாய்ந்தார். மூளையில் இரத்தம் பெருகிச் சில மணி நேரத்தில் மறைந்தார். அப்போது அவரது இரத்த அழுத்தத்தின் மேல்எண் 300-ஐக் கடந்திருந்ததென அவருடைய வைத்தியர் பிற்காலத்தில் எழுதினார். ஓராண்டு முன்பே கொதிப்பு கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அதனை அடக்க நல்ல மருந்து அந்நாளில் உலகில் இல்லை.

வல்லரசின் தலைவருக்குக் கிட்டாத அம்மருந்து, இன்று நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசின்றிக் கிடைக்கிறது. வீடு தேடிவந்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1950-இல் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவைச் சிகிச்சைக்கு அடிகோலினார். 2024-இல் சென்னை ஐ.ஐ.டி.யார் கருவிலுள்ள சிசுக்களின் மூளையை 5,132 நுண்சீவல்களாகப் படமெடுத்து, ‘தரணி’ என்னும் பெயரால் உலகுக்கு வழங்கினர். அறிவிலும் மருந்திலும் நமக்குக் குறைவில்லை.

குறை எங்கே? “இப்போது உடம்பு தேவலை” என்று மாத்திரையை நாமே நிறுத்திவிடுகிறோமே, அங்கே! வாய்க்காலில் நீர் ஒழுங்காய் ஓடுகிறதென்று மராமத்தை நிறுத்துவார் உண்டோ? உடம்பு தேவலையாயிருப்பது மாத்திரையின் பயனேயன்றி, அதனை விடுவதற்குக் காரணமன்று. உப்பைக் குறைப்பதும், புகையிலையை ஒழிப்பதும், அழுத்தம் 140-க்கு 90 என்னும் வரம்பைத் தாண்டாதபடி அவ்வப்போது அளந்து பார்ப்பதும் இதனோடு சேர்ந்த கடமைகள்.

அப்படியும் ஒருவருக்கு வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், வாயு என்று தைலம் தேய்ப்பதிலும் புறா இரத்தம் தடவுவதிலும் பொழுதைப் போக்கலாகாது. விழுங்கத் தெரியாத நிலையில் நீரோ மருந்தோ புகட்டவும் கூடாது. உடனே 108-ஐ அழைத்து, தலையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அடைப்பென்றால் உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்து உண்டு; ஆனால் அதை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். வெடிப்பென்றால் அதே மருந்து விஷமாகும். இரண்டையும் ஸ்கேன்தான் பிரித்துக் காட்டும்; வெளித்தோற்றம் காட்டாது. நோய் தொடங்கிய மணியைக் குறித்து வைப்பது வைத்தியருக்குச் செய்யும் பேருதவி.

பள்ளியில் படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். மாத்திரைச் சீட்டைப் படித்து, தாத்தா பாட்டிக்கு வேளை தவறாமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே ஒப்புவியுங்கள். கற்ற எழுத்துக்கு இதனினும் நல்ல பயன் வீட்டில் வேறில்லை.